சின்னவன் பெயர் வந்தபோது

அத்தியாயம் 14

அண்ணி என்பது அவளுக்கு இந்த வீட்டில் பெயராகவே ஆகிவிட்டது. கொழுந்தன் கூப்பிடுவதில் நியாயம் உண்டு. அவன் வாயிலிருந்து மாமியாருக்குத் தொற்றி, இப்போது கட்டிய கணவனே அவசரத்தில் "அண்ணி எங்கே?" என்று கேட்டுவிட்டு அசடு வழிகிறான்.

அந்த அண்ணி வியாழக்கிழமை காலை கொழுந்தன் சின்னவனுடன் ஆபீசுக்குக் கிளம்பியபோது, கைப்பையை மறந்துவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தாள்.

காரணம், போன வாரம் பார்த்ததுதான். சின்னவனை வேறொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. வருகிறாயா இல்லையா என்று இன்று சாயங்காலம் அவர்கள் ஆபீஸ் மூடுவதற்குள் சொல்லியாக வேண்டும். அவனோ மதில் மேல் பூனையாக இருக்கிறான். இங்கே பதவி உயர்வு உண்டென்றால் இங்கேயே. இல்லையென்றால் அங்கே. உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிற கூட்டமும் இன்றைக்குத்தான். அந்தக் கூட்டத்தில் அண்ணியும் உட்காருகிறாள்.

இருவருக்கும் ஒரே கம்பெனி. ஆஸ்பத்திரிகளில் ஆளைப் படுக்கவைத்து உள்ளே தள்ளிப் படம் எடுக்கும் பெரிய இயந்திரங்களை, உலகம் பூராவும் விற்கிற கம்பெனி. எந்த ஊரில் இயந்திரம் படுத்துக்கொண்டாலும் உடனே உதிரிபாகம் போய்ச் சேர வேண்டும். அந்த உதிரிபாகப் பிரிவில் அண்ணி ஒரு டீமுக்கு மேனேஜர், சின்னவன் பக்கத்து டீமில் பிளானர். ஒரே பஸ்ஸில் போவார்கள். வாசலில் நுழைந்ததும் அவன் ஒரு லிஃப்ட், அவள் ஒரு லிஃப்ட். யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது என்று முதல் நாளே அவர்களாகப் போட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

"அண்ணி, சபாஷ் சார் நேத்துகூடச் சொன்னார். என் பேரை முதல்லயே எடுக்கப்போறாராம்" என்றான் சின்னவன், பஸ்ஸில்.

சபாஷ் சார் என்பது அவனுடைய மேனேஜர். காபி கொண்டுவந்து வைத்தால்கூட சபாஷ் என்று முதுகில் தட்டுகிற மனிதர்.

"அவர் எல்லாருக்கும்தான் சபாஷ் சொல்றார், தம்பி."

"நீங்களும் உள்ள இருப்பீங்கல்ல. எனக்கு அது போதும்."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவனுக்கு எப்படிச் சொல்வது? இவன் பெயர் வரும்போது தான் உள்ளே இருக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

*

அந்தக் கூட்டத்துக்குக் காலிப்ரேஷன் என்று பெயர். ஆட்களை நிறுத்தித் தரம் பிரிப்பது என்று சொன்னால் மரியாதையாக இருக்காது என்று வாயில் நுழையாத பெயராகப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய திரையில் ஐந்து கட்டங்கள். பிரிவில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரும் ஒரு சின்னச் சீட்டு. முதல் கட்டத்தில் இருப்பவர்களுக்குப் பதவி உயர்வு. நடுக்கட்டத்தில் இருந்தால் இருந்த இடம். கடைசிக் கட்டத்தில் விழுந்தால் "முன்னேற்றத் திட்டம்" என்று ஒன்று கொடுப்பார்கள். அந்தத் திட்டத்தில் முன்னேறியவர்களை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சில மாதத்தில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள்.

இதில் ஒரு சட்டம் உண்டு. கடைசிக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. அத்தனை பேரும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்திருந்தாலும், யாராவது சிலர் அங்கே போய் உட்கார்ந்தாக வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. சொந்தக்காரர் பெயர் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

சின்னவன் வேலைக்குச் சேர்ந்த நாளில், இங்கே சொந்தம் யாராவது உண்டா என்று கம்பெனி கேட்டது. அண்ணன் மனைவியெல்லாம் கணக்கில் வராது என்று நினைத்து, அவன் இல்லை என்றான். அதே கேள்வியை அண்ணியிடமும் கேட்டார்கள். ஆமாம், என் கொழுந்தன் என்று அவள்தான் வலியப் போய்ச் சொன்னாள். நாளைக்கு அவன் மேலே வரும்போது அண்ணி தயவில் வந்தான் என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது என்பது அவள் எண்ணம். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாள்.

கூட்டத்தில் ஆளாளுக்குத் தங்கள் டீம் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். அண்ணியும் தன் டீமில் ஒரு பெண்ணுக்காக மூச்சுப் பிடித்துப் பேசி, அவளை நாலாவது கட்டத்திலிருந்து மூன்றாவதுக்கு இழுத்து வந்தாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இங்கே பிள்ளை அழ முடியாது, மேனேஜர்தான் அழ வேண்டும்.

சின்னவனின் சீட்டு நடுக்கட்டத்தில் இருந்தது. முதல் கட்டத்தில் இல்லையே என்று அவளுக்கு அப்போதே சுருக்கென்றது. போகட்டும், சபாஷ் ஏற்றிவிடுவார் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

"அடுத்தது..." என்று சின்னவன் பெயரைப் படித்த மனிதவளத் துறைப் பெண், அண்ணியைப் பார்த்துத் தர்மசங்கடமாகச் சிரித்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய..."

"தெரியும்" என்று எழுந்தாள் அண்ணி.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அந்த அறைக்குச் சுவர் கிடையாது, நாலு பக்கமும் கண்ணாடி. பார்க்கலாம், கேட்க முடியாது. எதிரே தண்ணீர்க் குப்பி கவிழ்த்த மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து திரை நன்றாகத் தெரிந்தது.

சபாஷ் வாயைத் திறந்தார். இரண்டு வாக்கியம் பேசியிருப்பார். கையை விரித்தார். நிதிப் பிரிவு மேனேஜர் ஏதோ கேட்டார். சபாஷ் தலையைச் சொறிந்தார். டைரக்டர் கடைசிக் கட்டத்தை விரலால் காட்டினார். அங்கே இன்னும் ஒரு இடம் காலி.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. என்ன கேட்டிருப்பார்கள் என்றும் தெரியும், அதற்கு என்ன பதில் என்றும் தெரியும்.

கிடங்கு இடம் மாறியபோது, வெளிநாட்டுப் பிரிவு ஆள் இல்லாமல் திண்டாடியது. சின்னவனைத்தான் மாதக்கணக்கில் அவர்களுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். ஒரு ஆஸ்பத்திரிக்குக்கூடப் பாகத்துக்குத் தட்டுப்பாடு வராமல் அந்தக் கிடங்கை நகர்த்தியவன் அவன். அந்தப் பிரிவின் தலைவர், அவனுக்கு மேனேஜர் அண்ணிதான் என்று நினைத்து அவளைப் போனில் கூப்பிட்டு, "இப்படி ஒரு பையனை எங்கே பிடிச்சீங்க?" என்று கேட்டார். ஆனால் அந்த வேலையெல்லாம் அந்தப் பிரிவின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. இங்கே சபாஷிடம் அவனைப் பற்றிக் காட்ட ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் ஆளே இல்லையே, என்ன செய்தான் என்று கேட்டால் அவர் கையைத்தான் விரிப்பார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாள்.

திரையில் அம்புக்குறி நகர்ந்தது. சின்னவனின் சீட்டைப் பிடித்தது. நாலாவது கட்டத்தைத் தாண்டி ஐந்தாவதில் கொண்டுபோய் இறக்கியது.

அண்ணி தன்னையறியாமல் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டாள். உள்ளேயிருந்து மனிதவளப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். முடிந்துவிட்டது, வரலாம் என்று அர்த்தம்.

*

"அவரைப் பத்தி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியல. நான் சொல்லலாமா?" என்றாள் அண்ணி, உட்காராமலே.

"நீங்க சொல்லக் கூடாதே" என்றாள் மனிதவளப் பெண். கெட்டவள் இல்லை, பாவம். சட்டம் அது.

"எழுதியாவது கொடுக்கிறேன்."

"எழுதவும் கூடாது. அவர் விஷயத்துல நீங்க இல்லவே இல்லன்னு வெச்சுக்கணும். இது வெளிய வர்ற வரைக்கும் வீட்லயும் பேசக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

சபாஷ் தன் பேனாவை மூடித் திறந்து, திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது, டைரக்டர் அவளை மட்டும் நிறுத்திவைத்தார்.

"வருத்தமா இருக்கும். புரியுது. ஆனா உங்களுக்கு ஒரு நல்ல சேதி. காலைல மேலிடத்துல உங்க பேரை முடிவு பண்ணிட்டாங்க. இனிமே மொத்தப் பிரிவும் உங்க பொறுப்பு."

பத்து வருடமாக அண்ணி எதிர்பார்த்த வார்த்தை அது.

"ஒரே குடும்பத்துல ரெண்டு பேரைத் தூக்கிவிட்டாங்கன்னு இனி யாரும் வாயத் திறக்க முடியாது பாருங்க. ஒரு விதத்துல இது உங்களுக்கு நல்லதுதான்" என்றார் டைரக்டர். ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும். "சாயங்காலம் முறையா போன் பண்ணிச் சொல்றேன். வீட்ல எல்லாரும் இருப்பாங்கல்ல? சந்தோஷப்படுவாங்க."

அண்ணி கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எதற்காக அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சந்தோஷமும் அதற்குள் கொஞ்சம் கலந்துதான் இருந்தது. அதுதான் அவளை அதிகமாக வதைத்தது.

*

வீட்டுக் கூடத்தில் சின்னவன் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரியவன், அதாவது அண்ணியின் கணவன், பிசியோதெரபிஸ்ட். ஊர்க்காரர்களின் கழுத்தையும் முதுகையும் நிமிர்த்திவிட்டு வந்து, தானே கோணலாகச் சோபாவில் சாய்ந்திருந்தான்.

"சொல்லுங்க அண்ணி" என்றான் சின்னவன், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள். "ஒண்ணும் விவரம் வேண்டாம். இருக்கட்டுமா, போகட்டுமா? ஒரே வார்த்தை."

"கூட்டத்துல நடந்ததை நான் சொல்லக் கூடாது, தம்பி."

"அது தெரியும். உங்க அபிப்பிராயத்தைச் சொல்லுங்க."

அண்ணி கைப்பையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

"அங்க நல்ல வேலைதானே? வலிய வந்து கூப்பிடுறாங்க. போய்ப் பார்க்கலாமே."

கூடத்தில் யாரும் எதிர்பார்க்காத பதில் அது. சின்னவன் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏன் அண்ணி? கூட்டத்துல ஏதாவது..."

"கூட்டத்தைப் பத்தி நான் பேசவே இல்ல. பொதுவாச் சொல்றேன். நாலு இடம் பார்த்தாத்தான் மனுஷனுக்கு வளர்ச்சி."

"நீ மட்டும் ஒரே இடத்துலதானே வளர்ந்தே?" என்றான் பெரியவன், சோபாவிலிருந்து.

"நான் வேற, அவர் வேற."

"அதான் என்ன வேறன்னு கேக்கறேன். போன மாசம்வரைக்கும் இங்கேயே இருக்கச் சொன்னவ நீதான். இப்ப அவனுக்குப் பதவி வர்ற நேரம் பார்த்துக் கிளம்பச் சொல்றே."

"நான் அப்படிச் சொல்லல."

"அவன் உனக்குச் சமமா வந்துடுவான்னு பயமா இருக்கா?"

பெரியவன் சாதாரணமாகத்தான் கேட்டான். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணா, விடு" என்றான் சின்னவன். "அண்ணி அப்படிப்பட்டவங்க இல்ல." என்றாலும், அவன் கண் அண்ணியின் முகத்தில் பதில் தேடிக்கொண்டிருந்தது.

அண்ணி என்ன சொல்வாள்? உன்னைக் கடைசிக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள் என்று சொன்னால், கூட்டத்தில் இருந்த யார் சொன்னது என்று கம்பெனி தேட வேண்டியதே இல்லை. இருவர் வேலையும் போகும். சொல்லாவிட்டால், பொறாமை பிடித்தவள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். அவன் போய்விட்டால் போதும்.

"என்னைப் பத்தி என்ன வேணா நினைச்சுக்குங்க. ஆனா போயிடுங்க தம்பி" என்றாள்.

அதுதான் அவள் செய்த தப்பு. போகலாம் என்று நிறுத்தியிருந்தால் யோசித்திருப்பான். போயிடுங்க என்றதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சபாஷ் சார் என் பேரை எடுக்கறேன்னு சொன்னார். மரம் வெச்சவர் தண்ணி ஊத்துவார். நான் பார்த்துக்கறேன்" என்று மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான்.

*

இத்தனையையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் உண்டு. மாமியார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊராருடைய நல்லது கெட்டது அத்தனையும் கேட்டு, ஒன்றைக்கூட வெளியே விடாமல் காலம் தள்ளியவர். எவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

"அண்ணி, இப்படி வா" என்று சமையலறைக்குள் கூப்பிட்டார்.

கதவை ஒருக்களித்துச் சாத்தினார். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து மேடை மேல் வைத்தார்.

"நீ எதையும் சொல்லக் கூடாது. அவ்வளவுதானே?"

"ஆமா அத்தை."

"சொல்ல வேண்டாம். நான் ஒண்ணு கேப்பேன். ஆமான்னா இந்தத் தண்ணியைக் குடி. இல்லேன்னா குடிக்காதே. மருமக தண்ணி குடிச்சான்னு எந்தக் கம்பெனியும் கேள்வி கேக்காது."

அண்ணிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"சின்னவன் அங்கேயே இருந்தா அவனுக்கு நல்லது உண்டா?"

டம்ளர் அவளுக்கு எதிரே இருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தொண்டை வறண்டு கிடந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தாகமா இல்லையா?"

"தாகம்தான் அத்தை."

மாமியாருக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு வேகமாகக் கூடத்துப் பக்கம் நடந்தார். அண்ணி பின்னாலேயே போனாள்.

"டேய், அந்தக் கம்பெனிக்கு இன்னும் பதில் போடலையே?"

"இப்பத்தாம்மா அனுப்பினேன். வரலைன்னு சொல்லிட்டேன்" என்றான் சின்னவன். முகத்தில் ஒரு வீம்பும் நிம்மதியும் இருந்தது.

"திருப்பி வாங்க முடியாதா?"

"எதுக்கும்மா திருப்பி வாங்கணும்?"

மாமியார் வாயைத் திறந்தார். பெற்ற பிள்ளை எதிரே நிற்கிறான். காரணத்தைச் சொன்னால் மருமகள் மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் பிள்ளை கேட்கமாட்டான். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடக் கூடாதேன்னு கேட்டேன்."

"உனக்கும் அண்ணி மாதிரியே சந்தேகமா?" என்று சிரித்துவிட்டு, அவன் மடிக்கணினியை மூடினான்.

மாமியார் மறுபடியும் சமையலறைக்கு வந்தார். அண்ணியும் வந்தாள். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருவரும் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

"உன்னால ஆனதை நீ செஞ்சே" என்றார் மாமியார். "பெரியவன் பேசினதை மனசுல வெச்சுக்காதே. நான் அவனைக் கேக்கறேன்."

"வேண்டாம் அத்தை. கேக்காதீங்க."

அந்த "வேண்டாம்" கொஞ்சம் அவசரமாக வந்துவிட்டது. மாமியாருடைய காது ஆயிற்றே, விடுமா? அவர் மருமகளை மெல்லத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டம்ளரை ஒரு விரலால் அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுல உனக்கு ஏதாவது கிடைச்சுதா?"

அண்ணி அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். குடிக்காமல் இருந்துவிடலாம். இன்றைக்கு ஒரு நாள் தப்பிக்கலாம். ஆனால் இந்த வீட்டில் தன்னை நம்புகிறவர் என்று மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான்.

டம்ளரை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

மாமியார் மேடையிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

கூடத்தில் போன் மணி அடித்தது.

"அண்ணி, உங்க போன்தான்" என்று சின்னவன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். குரலில் சந்தோஷம் துள்ளியது. "டைரக்டர் பேர் வருது. என் விஷயமாத்தான் இருக்கும். நானே எடுக்கட்டுமா?"

அண்ணியின் வாய் நிறையத் தண்ணீர். விழுங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. மணி பாதியில் நின்றது.

"சொல்லுங்க சார்" என்றான் சின்னவன்.